ஓடு என்று சொன்ன கல்

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள், ஐயா. பக்கம் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறீர்கள். வேண்டாம். உங்களுக்கு முன்னால் அந்தக் கோப்பைப் புரட்டியவர்களும் இதையேதான் செய்திருப்பார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்சு வைத்துக்கொண்டால் போதும். குறையாகச் சொல்லவில்லை. காலமெல்லாம் புள்ளி பார்த்தே பழகிய கண்ணுக்குப் பொடி விஷயங்கள்தான் முதலில் தெரியும்.

உங்கள் முதல் கேள்வி டேப்பைப் பற்றியது. என் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு டேப் ஒட்டியிருந்ததை உங்கள் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் ஒரு வீட்டிலும் முழுக் கண்ணாடி மிஞ்சாத அந்தக் காலையில், என் வீட்டுக் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டும் கீழே விழாமல் சட்டத்திலேயே நின்றது. எப்போது ஒட்டினேன் என்று கேட்கிறீர்கள். முந்தின நாள் சாயங்காலம். மறைக்க நினைத்திருந்தால் பிறகு பிய்த்துப் போட்டிருக்கலாம். ஆனால் டேப்பைப் பிய்த்தால் பிசின் தங்கிவிடும். அதில் தூசி ஒட்டி, நாள் போகப் போகக் கறுத்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். மலைமேல் இருக்கும் வானாய்வு நிலையத்தில் பாதைக் கணக்குப் போடுகிறவன் நான். சூரியனைச் சுற்றுகிற சிறுகோள்களில் பொடிசுகள் ஏராளம். வீடு அளவு இருக்கும், லாரி அளவு இருக்கும், சில அலமாரி அளவுகூடத் தேறாது. அவற்றில் சில நம் பூமி போகிற வழியைக் குறுக்கே தாண்டும். தொலைநோக்கிப் படத்தில் அது நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்கிற ஒரு மங்கல் புள்ளி, அவ்வளவுதான். படம் எடுக்கிறவர் புள்ளியைப் பிடித்துக் கொடுப்பார். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகும், எப்போது திரும்பும் என்பதை நான் சொல்வேன்.

அந்தக் கற்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவை எதையும் தொடுவதில்லை, அவற்றையும் எதுவும் தொடுவதில்லை. பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் என்று கணக்குச் சொன்னால் வந்துவிடும். வழியில் நின்று வெற்றிடத்தில் துப்பிக்கொண்டிருக்காது. மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும்போதெல்லாம் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். பேருந்துக் கம்பியில் வியர்வைப் பிசுபிசுப்பு, மின்தூக்கிப் பொத்தானில் யாரோ தின்ற எண்ணெய், கடை வாசலில் உறிஞ்சிப் போட்ட குழல்கள். ஊரில் எனக்குப் பிடித்த இடம் ரொட்டிக்கடை ஒன்றுதான். அந்தக் கடைக்கார அம்மா எனக்கென்று தனியாக ஒரு இடுக்கி வைத்திருப்பாள். நான் உள்ளே நுழைந்ததும் அதை வெந்நீரில் அலசி எடுத்துவந்து, "இது உங்களோடது சார், வேற யாரும் தொடல" என்பாள். நல்ல மனுஷி.

என் மனைவி போனபோது மகள் சின்னப் பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும் அப்படித்தான். நான் ஒற்றை ஆளாக வளர்த்தேன். பள்ளி விட்டு வந்ததும் வாசலிலேயே செருப்பையும் பையையும் விட்டுவிட்டு நேரே குழாய்க்குப் போக வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைக்க வேண்டும். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரலில் முடிக்க வேண்டும். விளையாட்டுப் போலக் கற்றுக்கொண்டாள். வளர்ந்த பிறகும் அப்படியேதான் துடைப்பாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

அந்த வீட்டுக்குள்தான் மாப்பிள்ளை வந்தார்.

எங்கள் நிலையத்திலேயே படம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. மங்கல் புள்ளியைப் பிடிப்பதில் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவர் தேநீர் குடித்தால் இரண்டு அறை தள்ளிக் கேட்கும். யோசிக்கும்போது காலை மடக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு குதிகால் தோலை உரிப்பார். உரித்த கையோடு விசைப்பலகையைத் தட்டுவார். ஒருநாள் என்னிடம் பென்சில் நீட்டினார். ஒரு நிமிடத்துக்கு முன் அதே பென்சிலால் காது குடைந்ததை நான் பார்த்திருந்தேன். வாங்கிக்கொண்டு, அவர் போன பிறகு காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. தரையில் விழுந்ததை எடுத்துத் தின்பார். பிஸ்கட், ரொட்டித்துண்டு, பழம், எது விழுந்தாலும் சரி. குனிந்து எடுத்து ஃபூ என்று ஓர் ஊது ஊதி வாயில் போட்டுக்கொள்வார். என் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது மாமா. தரையும் நம்ம வீட்டுத் தரைதானே" என்று சிரிப்பார். பாப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டதும் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரக் கை. மேசைக்குக் கீழே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். வெளியே வரும்போது, "அவர் கையில என்னப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். கார் கதவைத் திறந்துவிட்டேன்.

எங்கள் நிலைய இயக்குநர் உங்களிடம் இது பொறாமை என்று சொன்னாராமே. மகளை இன்னொருத்தனுக்குக் கொடுத்த அப்பனின் வயிற்றெரிச்சல் என்றாராம். ஆள் நல்லவர், ஆனால் மனசைப் படிக்கத் தெரியாதவர். எனக்குப் பொறாமை கிடையாது. எனக்கு இருந்தது அருவருப்பு. வெறும் அருவருப்பு. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் நடுவே, உயரமான குடியிருப்பில், கிழக்குப் பக்கம் பால்கனிக்கு முழுநீளக் கண்ணாடி வைத்த வீடு. பாப்பா பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். ஃபூ என்று ஊதினாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன். என் வாழ்நாள் உழைப்பை ஒருத்தர் ஒரே ஊதில் ஊதித் தள்ளியிருந்தார்.

போன வருடத்துக் கதை உங்களுக்கும் தெரியும். ஊரே ஓடியதே, அதுதான். மாப்பிள்ளை ஒரு புள்ளியைப் பிடித்தார். பாதை போட்டுப் பார்த்தார். பூமிக்கு நேராக வந்தது. மூச்சிரைக்க என் அறைக்கு ஓடிவந்தார்.

"கல்லு மாமா. நேரா வருது."

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் சறுக்குகிறவர்கள் உண்டு. வானத்தில் சுற்றுவதெல்லாம் கல் இல்லை. எந்தக் காலத்திலோ ஏவிவிட்டு மறந்துபோன ராக்கெட்டுகளின் காலி உடம்புகளும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் அதை ஓடு என்போம். புள்ளியில் கல்லும் ஓடும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் பாதையில் இருக்கிறது. வெயிலுக்கும் ஒரு தள்ளு உண்டு. கல் கனம், அதைச் சட்டை செய்யாது. ஓடு வெறும் தகரம், வெயில் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கும். அந்த ஒதுக்கத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். அவசரக்காரர்களுக்குத் தெரியாது.

அது ஓடு என்பது அவர் காட்டிய அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நல்லாப் பாத்துட்டீங்களா மாப்பிள்ளை?" என்றேன்.

"பாத்துட்டேன் மாமா. கல்லேதான்."

"அப்புறம் என்ன, சொல்லிடுங்க."

அவர் சொன்னார். இயக்குநர் செய்திக்காரர்களிடம் சொன்னார். ஊர் கிளம்பியது. பேருந்து நிலையத் தடுப்புக் கம்பியில் நெரிந்து ஒரு பெரியவர் செத்துப்போனார். சாலை முழுக்க வண்டி. வண்டிக்கு வெளியே ஜனம். சாலையோரத்திலேயே ஒண்ணுக்குப் போனார்கள், அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைகளின் அழுக்கு அணையாடைகளை ஜன்னல் வழியே வீசினார்கள். நான் கார்க் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர்பயம் வந்தால் மனுஷன் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிடுகிறான். கடைசியில் அந்த ஓடு வானத்தின் ஓரத்தில் தீக்குச்சி போல எரிந்து ஒன்றுமில்லாமல் போனது. ஓடியவர்கள் நின்று படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். மறுநாள் மாப்பிள்ளையைக் கேலி செய்யாத வாய் இல்லை.

அந்தப் பெரியவருக்காக வருந்தினேனா என்கிறீர்கள். வருந்தினேன். நான் எதிர்பார்த்தது அது இல்லை. அசிங்கப்பட்டவனோடு பாப்பா இருக்க மாட்டாள், வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சோபாவில் சுருண்டு படுத்திருந்தவரின் தலையை மடியில் வைத்து, அந்தக் கையை, அந்தக் குதிகால் உரிக்கிற கையை எடுத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "தப்பு எல்லாருக்கும் வரும், இல்லப்பா?" என்றாள் என்னைப் பார்த்து. வரும் என்றேன்.

அதற்குப் பிறகுதான் இயக்குநர் ஒரு விதி கொண்டுவந்தார். மாப்பிள்ளை எதைப் பிடித்தாலும் நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது. விதியை நான் கேட்டு வாங்கவில்லை. வலிய வந்தது.

இனி கல்லுக்கு வருகிறேன்.

அது கிழக்கில், விடிவதற்குச் சற்று முன், சூரியனை ஒட்டிய வெளிச்சத்துக்குள்ளிருந்து வந்தது. அந்த இடத்தைப் பார்க்கிற தொலைநோக்கிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். நாங்கள் சொன்னால் மற்றவர்களும் திருப்பிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள். மாப்பிள்ளை அடுத்தடுத்த விடியல்களில் அதைப் பிடித்து வைத்திருந்தார். அன்று மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. போன வருடத்துக்குப் பிறகு அவருக்கு அந்தத் தயக்கம் வந்திருந்தது.

"மாமா, ஒண்ணு கிடைச்சிருக்கு. எனக்கு என்னமோ கல்லு மாதிரிதான் படுது. ஆனா என் கண்ண நானே நம்புறதில்ல இப்பல்லாம். நீங்க பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். சாயங்காலம் வரை பார்த்தேன். வெயில் அதைக் கடுகளவும் ஒதுக்கவில்லை. கல். ஆறு மாடிக் கட்டட உயரம் இருக்கலாம். நேராக வந்தது. இறங்குகிற இடத்தை நெருக்கிக்கொண்டே போனேன். கடல் போனது, பாலைவெளி போனது, கடைசியில் எங்கள் ஊரின் தலைக்கு மேல் வந்து நின்றது. மறுநாள் காலை. எங்கள் ஊருக்கே வர வேண்டுமா என்று கேட்காதீர்கள். கல்லுக்கு ஊர் தெரியாது.

அப்படிப்பட்ட கல் தரைவரை வராது. உயரத்திலேயே வெடித்துப் பொடியாகும். கொல்லுவது கல் இல்லை, ஐயா. முதலில் வெளிச்சம் வரும். சூரியனைவிடப் பிரகாசமான வெளிச்சம். சத்தமே இருக்காது. இது என்னடா என்று எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிவருவார்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வெளிச்சம் உடனே வந்துவிடும், வெடிப்பு தள்ளிவிட்ட காற்றின் அடி மெதுவாகத்தான் வரும். நான் கணக்குப் பார்த்தபோது எங்கள் ஊருக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அது வந்ததும் ஊரில் இருக்கிற கண்ணாடி மொத்தமும் உள்பக்கமாகப் பாயும்.

இதற்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒரே ஒரு வாக்கியம். வெளிச்சத்தைப் பார்த்தால் ஜன்னலுக்குப் போகாதீர்கள், தரையில் படுங்கள். யாரும் ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். மனதுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிக்கூடப் பார்த்தேன். பிறகு அந்தச் சாலையோரம் நினைவுக்கு வந்தது. சொன்னால் மறுபடியும் ஓடுவார்கள், மறுபடியும் நெரிப்பார்கள், மறுபடியும் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். கண்ணாடி உடைந்தால் பெருக்கிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயமாகவே பட்டது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மறுபடியும் ஓடா மாமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முகம் தொங்கிப்போய் நின்றார்.

"ஓடுதான் மாப்பிள்ளை."

"அதே தப்பா?"

"அதே தப்புதான். விடுங்க, யாருக்கும் தெரிய வேணாம். எங்கிட்டதானே காட்டினீங்க."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க இல்லன்னா நான் மறுபடியும் நாறிப் போயிருப்பேன் மாமா" என்றார். நான் அவரை உட்காரச் சொன்னேன். நாற்காலியில் என் கைக்குட்டையை விரித்த பிறகுதான் உட்காரச் சொன்னேன், அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு உதவி செய்யணும் நீங்க. நாளைக்குக் காலையில அது எரிஞ்சு போகும். போன வருஷம் பாத்த மாதிரிதான், இன்னும் கொஞ்சம் பிரகாசமா இருக்கும். உங்க பால்கனி கிழக்குப் பாத்தது. கண்ணாடிக் கதவ மூடியே வைங்க, வெளிய தூசி. கண்ணாடிய ஒட்டி நின்னு போன்ல படம் எடுங்க. வெளிச்சம் போன பிறகும் நிறுத்தாதீங்க. மூணு நிமிஷம் அப்படியே நில்லுங்க. புகை எப்படிக் கலையுதுன்னு எனக்குத் தெரியணும். நடுவுல யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க, கட் பண்ணிடுங்க. படம் வெட்டுப்பட்டுப் போகும்."

"செஞ்சிடறேன் மாமா." எழுந்தவர் என் கையைப் பிடிக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சும்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

பாப்பாவுக்குப் போன் செய்தேன். தலை சுற்றுகிறது, ரத்தப் பரிசோதனைக்குத் துணைக்கு வேண்டும், இரவே வந்துவிடு என்றேன். இரவு வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது, விடிந்ததும் முதல் பேருந்தில் வருகிறேன் என்றாள். முதல் பேருந்து போதும். அவள் மலைக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் டேப் ஒட்டிய கண்ணாடிகளுக்குப் பின்னால் இருப்பாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் கூப்பிட்டு அவள் வராமல் இருந்ததில்லை.

காலையில் அவளுக்காகப் பால் காய்ச்சி வைத்தேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையால் நான் போனைத் தொடுவதில்லை. நின்றுவிட்டது. கழுவி முடித்து, சுண்டுவிரலில் ஆரம்பித்துத் துடைத்து முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். செய்தி வந்திருந்தது. அப்பா, அடுத்த பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் முதல் தடவையாக அவரிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறீர்கள், ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார், அவர் கை நடுங்கிப் படத்தைக் கெடுத்துவிடுவார், அதனால் நானே எடுத்துத் தருகிறேன்.

படித்துக்கொண்டிருக்கும்போதே அறை வெள்ளையாகிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்வி அந்த அழைப்புகளைப் பற்றியது. ஆமாம், நான்தான். விடாமல் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் துண்டித்தாள். நான் சொன்னபடி செய்தாள். சின்ன வயதிலிருந்தே சொன்னால் கேட்கிற பிள்ளை. கடைசி அழைப்பு பாதி மணியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக் கண்ணாடிகளும் விரிசல் விட்டன.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி என்று சொல்லட்டுமா? பாப்பா பக்கத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஒரு துண்டு கை தவறித் தரையில் விழுந்தது. குனிந்தான். ஊதுவதற்காக வாய்க்குக் கொண்டுபோனான். கண்ணாடி அவன் முதுகுக்கு மேலே போனது. மன்னிக்க வேண்டும், அவர் முதுகுக்கு மேலே. பாப்பா நிமிர்ந்து நின்றிருந்தாள், கண்ணெதிரே போனைப் பிடித்தபடி. இதை அவரே என்னிடம் சொல்லி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. அப்போதுகூட எனக்கு முகம் திரும்பத்தான் செய்தது.

ஊரில் பாதிப் பேருக்குத் தையல். எத்தனை பேர் போனார்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். ரொட்டிக்கடை அம்மா போய்விட்டாள். கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளிச்சம் பார்க்க வந்து நின்றிருக்கிறாள். அந்த இடுக்கியை எடுத்து வைத்தார்களா என்று விசாரிக்க நினைத்தேன். சந்தர்ப்பம் வரவில்லை.

மருத்துவமனையில் நிறைய நேரம் என்னால் பாப்பாவின் அறையில் இருக்க முடியவில்லை. கட்டுக்கு அடியில் நீர் கசியும், ஒரு வாடை வரும். மாப்பிள்ளை ராப்பகலாக அங்கேயே கிடந்தார். கசிவதை வெறும் கையால் துடைத்தார். மலச்சட்டியை எடுத்தார், கழுவினார், கொண்டுவந்து வைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவள் பாதி தின்று வைத்த ரொட்டியைத் தான் தின்றார். அருவருப்பே இல்லாத ஒரு மனுஷன் இருக்க முடியுமா, ஐயா? எனக்கு அது இயற்கையாகவே படவில்லை.

இரண்டு கண்ணும் இனி இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, நான் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். பாப்பா என் பக்கம் திரும்பவில்லை. சோப்பு வாசனையை வைத்து நான்தான் என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"அப்பா, ஓடு எரிஞ்சா சத்தம் வராது, இல்ல?"

"வராதும்மா."

"புகை கலையறதுக்கு எவ்வளவு நேரம்னு யாருக்கும் முன்னாடியே தெரியாது. மூணு நிமிஷம்னு எப்படிச் சொன்னீங்க?"

பாதைக் கணக்குப் போடுகிறவன் மகள். இருட்டில் படுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டாள். இயக்குநர் பழைய புள்ளிகளை எடுத்து மறுபடி பார்த்தது அதற்கு அப்புறம்தான், அவருக்கு முன் அவள் கண்டுபிடித்தாள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். ஆமாம். அது கல் என்று எனக்குத் தெரியும். வேளை தெரியும், இடம் தெரியும், கண்ணாடி என்ன செய்யும் என்று தெரியும். சொன்னால் ஊர் தப்பும் என்று தெரியும். ஓடு என்று பொய் சொல்லி, என் மருமகன் கண்ணாடியை ஒட்டி நிற்பதற்காக, மூன்று நிமிடம் நகராமல் நிற்பதற்காக அந்த உதவியைக் கேட்டேன். ஊர் அதில் சேர்ந்துகொண்டது. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். உங்கள் பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, கோப்புக்குத் தேவையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அன்று அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சுத்தமான கை, அறைக்குள் வருமுன் இரண்டு முறை கழுவியிருந்தேன். அவள் அதை மெதுவாக உருவிக்கொண்டாள். தடவித் தடவிப் போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தாள். என் கை பட்ட இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். சுண்டுவிரலில் ஆரம்பித்தாள், ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல், கட்டைவிரலில் கொண்டுவந்து முடித்தாள். கண் தெரியாமலேயே ஒரு விரல்கூட விட்டுப்போகவில்லை, ஐயா. அவ்வளவு சுத்தமாகத் துடைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.